கிருமியைத் தின்னும் கிருமி!

வாந்திபேதியை விரட்ட இந்தியா வந்த பட்டம் பெறாத மேதை

வாந்திபேதி!

இந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் ஊர் நடுங்கும். காலையில் ஏர் பூட்டிக்கொண்டு போனவன் மாலையில் பாடையில் போவான். ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால், மறுநாள் அந்தத் தெருவில் நாலு பேர் படுப்பார்கள். சந்தை கூடாது. திருவிழா நின்றுவிடும். பிணம் தூக்க ஆள் கிடைக்காது. வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர் ஊருக்கு ஓடியவர்கள், நோயையும் கூடவே கொண்டுபோனார்கள்.

காலரா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தக் காலராவோடு மல்லுக்கட்ட 1927-ம் ஆண்டில் ஒரு வெள்ளைக்காரர் இந்தியாவில் வேலையைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த மருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தது. பார்த்தால் வெறும் தண்ணீர். நிறம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் ஒரு பெரும் பட்டாளம் இருந்தது! காலராக் கிருமியைத் தேடிப் பிடித்துக் கொல்லும் பட்டாளம். அந்தப் பட்டாளத்தை அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கொண்டுவந்தவரே பார்த்ததில்லை!

அவர் பெயர் பெலிக்ஸ் டெரெல். டாக்டருக்குப் படித்தவர் அல்ல. முறையாகப் படித்து வாங்கிய கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் கிடையாது.

சாக்லேட் வியாபாரம்

டெரெல் 1873-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். ஆனால், கனடா நாட்டில் மான்ட்ரீல் நகரில் பிறந்ததாகத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கனடாக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அது அவருக்கே வினையாக வந்தது.

சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை விட ஊர் சுற்றுவதில்தான் பையனுக்கு ஆசை. 16 வயதில் சைக்கிளில் ஏறி ஐரோப்பாவைச் சுற்றினார். பிறகு கப்பல் ஏறித் தென் அமெரிக்கா போனார். 20 வயதில் மேரி என்ற பெண்ணை மணந்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன.

குடும்பத்துடன் கனடாவுக்குப் போய், அண்ணன் தம்பி சேர்ந்து சாக்லேட் தொழிற்சாலையில் பணத்தைப் போட்டார்கள். தொழில் நொடித்தது. போட்ட பணம் அத்தனையும் போயிற்று!

அந்தச் சமயத்தில்தான் அவர் வீட்டிலேயே ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் அமைத்து, புத்தகங்களைப் படித்துக் கிருமி சாஸ்திரம் கற்றார். குருவும் அவரே, சீடனும் அவரே.

1901-ம் ஆண்டில் மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டுக்குப் போனார். தலைநகர் ஆஸ்பத்திரியில் கிருமி ஆராய்ச்சி வேலை கிடைத்தது. அங்கே காப்பிச் செடிக்கு வந்த நோயை ஆராய்ந்தார். வாழைப்பழத்திலிருந்து சாராயம் இறக்கும் வழியையும் கண்டுபிடித்தார். அடுத்து மெக்சிகோ நாட்டுக்குப் போய், கற்றாழை நாரின் கழிவிலிருந்து சாராயம் இறக்க முயன்றார். காலராவை விரட்டப் புறப்பட்டவர் எங்கே தொடங்கியிருக்கிறார், பார்த்தீர்களா!

வெட்டுக்கிளிக்கு வந்த பேதி

மெக்சிகோவில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்கியது. பயிரெல்லாம் நாசம். ஆனால் ஓரிடத்தில் வெட்டுக்கிளிகள் தாமாகவே செத்துக் கிடந்தன. டெரெல் அவற்றை எடுத்து ஆராய்ந்தார். வெட்டுக்கிளிகளுக்குப் பேதி கண்டிருந்தது! அந்தப் பேதிக்குக் காரணமான கிருமியைப் பிரித்து வளர்த்தார். அதைச் செடிகளின் மேல் தெளித்தார். தின்ற வெட்டுக்கிளிகள் செத்தன. இந்த வித்தைக்காக அர்ஜென்டினா, துனீசியா முதலிய நாடுகள் அவரை அழைத்தன. பாரிஸில் புகழ்பெற்ற பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலும் இடம் கிடைத்தது. ஆனால் சம்பளம் இல்லாத வேலை!

வெட்டுக்கிளிக் கிருமியைத் தட்டில் வளர்க்கும்போது ஒரு விசித்திரம் தென்பட்டது. கூழ் போன்ற உணவின் மேல் கிருமிகள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். அந்தப் பாயில் சில இடங்களில் வட்ட வட்டமாக ஓட்டைகள். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமி கூட இல்லை! வேறொருவராக இருந்தால் தட்டு கெட்டுப்போயிற்று என்று கழுவி வைத்திருப்பார். டெரெல் அந்த வட்டங்களை மறக்கவில்லை.

ஒரே இரவில் தெளிந்த சாறு

முதல் உலக மகா யுத்தம் மூண்டது. 1915-ம் ஆண்டில் பாரிஸுக்கு அருகே முகாமிட்டிருந்த குதிரைப்படைச் சிப்பாய்களுக்குச் சீதபேதி கண்டது. ஆராயும் பொறுப்பு டெரெலுக்கு வந்தது.

பாஸ்டர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி. கடுமையான சீதபேதி. டெரெல் தினமும் அவருடைய மலத்தில் கொஞ்சம் எடுத்தார். தண்ணீரில் கலக்கி, பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார். அந்த வடிகட்டியின் துளைகள் மிக மிகச் சிறியவை. பேதிக் கிருமி கூட அதற்குள் நுழைய முடியாது. வடிந்த நீரில் சில சொட்டுகளை, பேதிக் கிருமி வளரும் இறைச்சிச் சாற்றில் விட்டார்.

கிருமி பெருகினால் சாறு கலங்கும். முதல் நாள் கலங்கியது. அடுத்த நாளும் கலங்கியது. ஆனால் ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது, கலங்கியிருந்த சாறு கண்ணாடி போலத் தெளிந்திருந்தது! அத்தனை கிருமியும் கரைந்து போயிருந்தன.

டெரெலுக்கு ஓர் எண்ணம் மின்னியது. குப்பியில் நடந்தது நோயாளியின் வயிற்றிலும் நடந்திருக்குமோ? ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரவோடு இரவாக நோய் திரும்பிவிட்டது. சிப்பாய் பிழைத்துக்கொண்டார்.

கிருமியைத் தின்ன இன்னொரு கிருமி இருக்கிறது என்று டெரெல் முடிவு கட்டினார். பாக்டீரியா என்னும் கிருமியை விடப் பல மடங்கு சிறியது அது. வைரஸ் வகையைச் சேர்ந்தது. மனைவியுடன் கலந்து பேசி 1916-ம் ஆண்டில் அதற்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். தின்னுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது பேஜ். நாம் கிருமி தின்னி என்று சொல்லலாம். 1917 செப்டம்பரில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது.

லண்டனில் டுவார்ட் என்பவர் 1915-லேயே இப்படி ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தார். முதலில் கண்டது யார் என்ற வழக்கு வெகு காலம் நடந்தது. பார்த்ததில் டுவார்ட் முந்தியவர்தான். ஆனால் அதை மருந்தாக்கி நோயாளியிடம் கொண்டுபோனவர் டெரெல்.

எப்படிக் கொல்கிறது?

இதற்குத் தலை உண்டு. வால் உண்டு. சில வகைக்குச் சிலந்திக்கு இருப்பது போலக் கால்களும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 5,000 பேரை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறிய உருவம்!

இது பாக்டீரியாவின் மேல் போய் உட்காரும். ஊசி போடுவது போலத் தன்னுடைய உயிர்ச் சரக்கை உள்ளே செலுத்தும். பாக்டீரியா அந்த நிமிஷமே அடிமை. சொந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைக் கொல்ல வந்தவனுக்கே பிள்ளைகளைச் செய்து கொடுக்கும். அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிகள்! பாக்டீரியா வெடிக்கும். குட்டிகள் வெளியே வந்து அடுத்த பாக்டீரியாவைப் பிடிக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். காலராவின் எதிரி காலராவைத்தான் தொடும். டைபாய்டுக் கிருமி பக்கத்தில் நின்றாலும் திரும்பிப் பார்க்காது. மனித உடலின் அணுக்களைத் தாக்காது.

முதலில் தானே குடித்தார்

கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்து டெரெல் திருப்தி அடைந்தார். அடுத்தது மனிதர். ஆனால் ஊரார் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன், தாமே குடித்தார். பிறகு குடும்பத்தார் குடித்தார்கள். தம் உடம்பில் ஊசியாகவும் ஏற்றிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

1919-ம் ஆண்டு. பாரிஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரி. 12 வயதுப் பையனுக்குக் கடுமையான சீதபேதி. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் சிறிய டாக்டர்களும் டெரெலுடன் சேர்ந்து மருந்தை முதலில் தாங்கள் குடித்தார்கள். பிறகுதான் பையனுக்குக் கொடுத்தார்கள். பையன் தேறினான். அடுத்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள். அவர்களுடைய சகோதரி அதே நோயால் வீட்டிலேயே இறந்திருந்தாள். மருந்து கொடுத்த 24 மணி நேரத்தில் மூவருக்கும் குணம் தெரிந்தது.

எகிப்தில் 1925-ம் ஆண்டில் நாலு பிளேக் நோயாளிகளுக்கு நெறிகட்டியிலேயே மருந்தை ஏற்றினார். நாலு பேரும் பிழைத்தார்கள். பெயர் உலகம் எங்கும் பரவியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்காரும் அவரை அழைத்தது.

குணமும் தொற்றும்!

முதலில் பம்பாயில் பிளேக் நோய்க்கு முயன்றார். எதிர்பார்த்த பலன் இல்லை. அடுத்து காலரா.

கங்கை நீருக்கும் யமுனை நீருக்கும் காலராக் கிருமியைக் கொல்லும் சக்தி இருப்பதாக 1896-ம் ஆண்டிலேயே ஆக்ராவில் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் எழுதியிருந்தார். பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினாலும் சக்தி போகவில்லை. கொதிக்க வைத்தால் போய்விட்டது. அந்தச் சக்தி கிருமி தின்னிதான் என்று பிற்காலத்தார் சொன்னார்கள். சந்தேகப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அதற்காக யாரும் ஆற்று நீரை அப்படியே குடித்துவிட வேண்டாம்!

கல்கத்தாவில் காம்ப்பெல் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. இன்று அது நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. அங்கே காலரா நோயாளிகளை டெரெல் நாள்தோறும் கவனித்தார். பிழைத்தவர்களின் குடலில் கிருமி தின்னி வலுவாகப் பெருகியிருந்தது. செத்தவர்களிடம் அது இல்லை, இருந்தாலும் வலுவில்லை.

இதிலிருந்து அவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். நோய் தொற்றுகிறது அல்லவா? அதே போலக் குணமும் தொற்றும் என்றார்! பிழைத்தவரிடமிருந்து கிருமி தின்னி வெளியேறிக் கிணற்றிலும் குளத்திலும் சேர்கிறது. அந்த நீரைக் குடித்தவர்களுக்கும் அது போய்ச் சேருகிறது. ஊரில் கொள்ளைநோய் ஒரு நாள் தானாக ஓய்வதற்கு அதுவே காரணம் என்பது அவர் கொள்கை. அப்படியானால் ஓயும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் நாளே நாம் கொண்டுபோய்க் கிணற்றில் ஊற்றலாமே!

பஞ்சாப் கிராமங்களுக்குப் போனார். மலோன், லகிரி என்ற இருவர் துணை. நோயாளிகளுக்கு மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊர்க் கிணறுகளிலும் மருந்தை ஊற்றினார்கள். மருந்து சாப்பிடாதவர்களில் பத்துக்கு ஆறு பேர் இறந்தார்கள். சாப்பிட்டவர்களில் பத்துக்கு ஒருவர் கூட இறக்கவில்லை. அவர் கொடுத்த கணக்கு இது.

எத்தனை தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்!

விடாத சந்தேகம்

ஆனால் விஞ்ஞானத்தில் கும்பிடு மட்டும் போதாது. கணக்கு சரியாக இருக்க வேண்டும். மருந்து சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஒரே நிலையில் இருந்தவர்கள்தானா? ஒரு கூட்டத்தில் இளைஞர்களும் இன்னொரு கூட்டத்தில் கிழவர்களும் இருந்தால் கணக்கு தப்பாகிவிடாதா? ஒரு கிணற்றில் மருந்து ஊற்றியபின் ஊரில் நோய் நின்றால், மருந்தால் நின்றதா, தானாக நின்றதா? இந்தக் கேள்விகளுக்கு டெரெலிடம் திடமான பதில் இல்லை. கேட்டவர்கள் மேல் கோபம்தான் வந்தது. அவரிடம் இருந்த பெரிய குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1928-ல் அவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போய்விட்டார். அவருடைய சிஷ்யர் அஷெஷாவ் பாட்னாவில் இருந்து வேலையைத் தொடர்ந்தார். அஸ்ஸாமில் மாரிசன் என்ற டாக்டர் ஒரு பெரிய சோதனை நடத்தினார். நவ்காங் பகுதியில் ஊர்த் தலைவர்களிடம் மருந்துக் குப்பிகளைக் கொடுத்து வைத்தார்கள். முதல் ஆள் படுத்ததும் கொடுக்க வேண்டும். இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ஹபிகஞ்ச் பகுதிக்கு மருந்து இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நவ்காங்கில் சாவு வெகுவாகக் குறைந்தது.

ஒரு பக்கத்து மக்களுக்குக் கொடுத்து, மறுபக்கத்து மக்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒப்பிடாமல் போனால் உண்மை தெரியாது. ஒப்பிட்டால் மறுபக்கத்தில் உயிர் போகிறது. அத்தனை பாடுபட்டும், அந்த இரண்டு பகுதிகளும் உண்மையிலேயே ஒரே மாதிரியானவைதானா என்ற கேள்வி மறுபடியும் எழுந்தது! 1936-ம் ஆண்டோடு சோதனைகள் நின்றன.

இதற்குள் பல நாடுகளில் கம்பெனிகள் கிருமி தின்னி மருந்தை விற்கத் தொடங்கிவிட்டன. பலவற்றில் சரக்கே இல்லை. கெடாமல் இருக்க மருந்தில் சேர்த்த பொருளே கிருமி தின்னியைக் கொன்றிருந்தது! வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பழி டெரெல் தலையில் விழுந்தது.

நண்பனின் கதி

சோவியத் நாட்டில் ஜார்ஜியா என்ற பகுதி. அங்கே திபிலிசி நகரில் எலியாவா என்ற விஞ்ஞானி இருந்தார். டெரெலின் அருமை நண்பர். இருவரும் சேர்ந்து கிருமி தின்னிக்கென்றே ஒரு பெரிய நிலையம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 1933 முதல் 1935 வரை டெரெல் அங்கே போய் வேலை செய்தார். தாம் எழுதிய புத்தகம் ஒன்றை ஸ்டாலினுக்குக் காணிக்கையாக்கினார். நண்பருடன் அங்கேயே தங்கிவிட ஒரு வீடும் எழும்பியது.

அந்த ஸ்டாலின் ஆட்சிதான் 1937-ம் ஆண்டில் எலியாவாவைச் சுட்டுக் கொன்றது. நண்பனை இழந்த டெரெல் அந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தனர். கனடாக்காரர் என்று சொல்லிக்கொண்டவர் அல்லவா? எதிரி நாட்டான் என்று டெரெலை விஷி நகரில் காவலில் வைத்தார்கள்!

ஒரே ஓர் ஆறுதல். 1940-ம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடி மூலம் கிருமி தின்னியைப் படம் எடுத்தார்கள். அது உயிரல்ல, வெறும் ரசாயனப் பொருள் என்று நோபல் பரிசு பெற்ற போர்டே போன்றவர்கள் வாதாடி வந்தார்கள். இதோ, தலையும் வாலுமாகப் படம்! டெரெல் சொன்ன துகள் இருந்தது.

1949 பிப்ரவரி 22-ந் தேதி பாரிஸில் அவர் காலமானார். கணையத்தில் புற்றுநோய். நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போயும் பரிசு வரவில்லை. அப்போது பென்சிலின் யுகம். எந்தக் கிருமியானாலும் ஒரு மாத்திரை, ஓர் ஊசி. டெரெலின் குப்பியை யார் நினைப்பார்கள்? காலராவுக்கும் பின்னால் வேறு வழி வந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே உயிரைப் பிடித்து வைக்கலாம் என்பதை 1971-ல் மேற்கு வங்காள அகதி முகாம்கள் காட்டின.

மறுபடியும் தேடுகிறார்கள்

ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமி தின்னி சாகவில்லை. தாய் தகப்பன் குணம் பிள்ளைக்கு வருவது டி.என்.ஏ. என்ற பொருளால்தான் என்பதை 1952-ம் ஆண்டில் இதை வைத்தே உறுதி செய்தார்கள். 1969-ல் இந்த ஆராய்ச்சிக்கு மூன்று பேர் நோபல் பரிசு பெற்றார்கள். காலராக் கிருமி எந்த ரகம் என்று கண்டுபிடிக்கவும் கல்கத்தா விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்தினார்கள்.

மருந்துக்கும் மறுபடி மவுசு வந்திருக்கிறது. காரணம், நாம்தான். சளிக்கும் காய்ச்சலுக்கும் கண்டபடி மாத்திரை விழுங்கினோம். பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிட்டன. 2016-ம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். எகிப்துக்குச் சுற்றுலாப் போன இடத்தில் தொற்றிய கிருமி. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. நினைவு இழந்து கிடந்தார். அந்தக் கிருமிக்குப் பொருத்தமான கிருமி தின்னியைத் தேடிப் பிடித்து ரத்தத்தில் ஏற்றினார்கள். சில நாட்களில் கண் விழித்தார்!

தேடுவது எங்கே என்கிறீர்களா? சாக்கடையில், ஆற்றில், மண்ணில். பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் அதன் எதிரியும் இருக்கும். நம் புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளினாலும் அதில் கோடிக்கணக்கில் இருக்கும். எலுமிச்சைக் காயில் புள்ளி புள்ளியாகச் சொறி விழுந்தால் மார்க்கெட்டில் விலை போகாது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். அந்தச் சொறிக்குக் காரணமும் ஒரு பாக்டீரியாதான். அதைத் தின்னும் கிருமி தின்னியை மரத்தில் தெளித்து வெளிநாட்டில் சோதனை செய்திருக்கிறார்கள்.

ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு தின்னி என்பதால், நோயாளியின் கிருமியை முதலில் கண்டறிந்து பொருத்தம் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நிலை நம் நாட்டில் இன்னும் வரவில்லை. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் உள்பட நம் நாட்டில் பல இடங்களில் ஆராய்ச்சி நடக்கிறது.

திபிலிசியில் எலியாவா தொடங்கிய நிலையம் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. பல நாடுகள் மறந்த காலத்திலும் அங்கே கிருமி தின்னி மருந்து விடாமல் தயாராகி வந்தது. ஆறாத புண்ணோடும் தீராத காய்ச்சலோடும் பல நாட்டு நோயாளிகள் அங்கே விமானம் ஏறிப் போகிறார்கள். இந்தியாவிலிருந்தும் சிலர் போய் வந்திருக்கிறார்கள்.